மற்றக் காலையும் காட்டுங்கோ

நான் இருபத்தெட்டு வருடங்கள் மனைப்பொருளியல் படிப்பித்தவள். 'நீரிழிவு நோயின் அறிகுறிகள் ஐந்து தருக' என்ற கேள்வியை எத்தனை தவணைப் பரீட்சைகளில் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமில்லாமல் மெலிதல், காயம் ஆறத் தாமதித்தல், கைகால் விறைப்பு. பிள்ளைகள் நாலை எழுதிவிட்டு ஐந்தாவதுக்குக் கூரையைப் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் 'வீட்டில் எல்லோருடனும் சண்டை பிடித்தல்' என்று எழுதியிருந்தாள். அவளுடைய வீட்டில் யாருக்கோ சீனி வருத்தம் என்று விளங்கியது. ஆனாலும் சிவப்பு மையால் பிழை போட்டேன். இப்போதென்றால் சரி போட்டிருப்பேன்.

அந்த ஐந்தும் ஒவ்வொன்றாக என் வீட்டுக்குள்ளேயே வந்தன. நான் ஒன்றையும் இன்னதென்று மட்டுக்கட்டவில்லை.

எங்கள் வீடு புங்குடுதீவில், இறுப்பிட்டியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்து தாங்கியில் இறங்கும். என்னுடைய கணவர் இளமைக்காலம் முழுக்கத் தெற்கில் ஒரு நகரத்தில் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதுக்குப் பிறகு கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். வந்த அடுத்த வருடமே செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். "இந்தத் தண்ணி குடிக்கக் குடிக்கத் தாகத்தைக் கூட்டுது" என்றார். வந்தவர் போனவர் எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உவர்த் தண்ணீர் ஊரில் தாகத்தை யார்தான் நோய் என்று நினைப்பார்கள்? இவ்வளவு குடித்தால் அடிக்கடி எழும்பிப் போகத்தானே வேண்டும் என்று இரண்டாவதையும் விட்டேன். மெலிந்தபோது, கடையைப் பிரிந்த கவலை என்று மூன்றாவதையும் விட்டேன். கடைசியில் எங்கள் கக்கூசில், அவர் சிறுநீர் கழித்த இடத்தில் மொய்த்த எறும்புகள்தான் சீனியைக் காட்டிக்கொடுத்தன. நான் முதலில் அவற்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு குளிசை, மாதம் ஒருமுறை கிளினிக். கிளினிக் நாளை அவர் ஒரு பரீட்சை மாதிரித்தான் நடத்தினார். மூன்று நாட்களுக்கு முன்பிருந்து குரக்கன் பிட்டு, பாகற்காய், சீனி இல்லாத தேநீர். இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் சந்திக் கடையில் இரண்டு சீனிப் பணிஸ். கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் சீனி இலக்கத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படிக்கிற இந்த இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருடம் அவர்களோடுதானே மாரடித்தேன்.

கால் முதலில் எரிந்தது. பிறகு எரிவு நின்றது, நல்லதென்று சந்தோஷப்பட்டோம். "பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார். ஒருநாள் கடைக்குப் போனவர் ஒரு செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றச் செருப்பு வழியில் எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்து வீட்டக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "உங்கட மனிசனுக்கு இப்பவே மறதி வந்திட்டுது" என்றா. ஐந்தாவது அறிகுறி வெறுங்காலோடு வாசலில் நின்றது. நாங்கள் அதை வைத்துப் பகிடி விட்டோம்.

எங்களுக்கு ஒரேயொரு பெண்பிள்ளை. கலியாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். முடித்து ஒன்பது வருடங்கள். அந்த ஒன்பது வருடங்களில் மூன்று தரம் வயிற்றில் தங்கி மூன்று தரமும் கலைந்தது. ஒவ்வொன்றையும் நாலைந்து மாதம் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள். "சொல்லி என்னம்மா, நீங்கள் அங்க இருந்து அழத்தானே போறியள்" என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்களிடம் படித்ததுதான். கெட்ட செய்தியைச் சுடச்சுடக் கடல் தாண்டி அனுப்புகிற வழக்கம் எங்கள் தீவில் இல்லை. என்னுடைய தாயார் இறந்ததை வெளிநாட்டில் இருந்த தம்பிக்கு, அவனுக்குக் காகிதங்கள் சரிவந்து வேலை கிடைக்கும்வரை சொல்லவில்லை. அதற்குள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அம்மா குளிக்கிறா, அம்மா கோயிலுக்குப் போட்டா, அம்மாவுக்குத் தொண்டைக்கட்டு என்று நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். பாசம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தோம்.

நாலாம் தரம் தங்கியது. ஐந்தாம் மாதத்தில் மகளுக்கும் சீனி என்று கண்டுபிடித்தார்கள். கர்ப்பத்தோடு வருகிற சீனி, பிள்ளை பிறந்தால் பெரும்பாலும் போய்விடும் என்றார்களாம். ஆனால் கர்ப்பப்பையும் பலவீனம், கட்டிலை விட்டு அதிகம் எழும்பக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் படுத்திருக்கிறவள் என்ன செய்வாள்? போனில் சீனி வருத்தத்தைப் பற்றி வாசித்துத் தள்ளினாள். நான் படிப்பித்த பாடத்தை எனக்கே படிப்பிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, அப்பான்ர உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்களோ?"

"அவற்ர காலை நான் ஏன் பிள்ளை பாக்கிறன்? வீட்டில வேற வேலை இல்லையே?"

"பகிடி இல்லையம்மா. ஞாயிறுக்கு ஞாயிறு ரெண்டு காலையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ."

அப்படித் தொடங்கியது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அவளுக்கு அங்கே சனியிரவு, அவர் கதிரையில் இருந்துகொண்டு கால்களை முன்னால் கிடக்கிற மர வாங்கில் நீட்டுவார். நான் குனிந்து இரண்டு உள்ளங்காலையும் தனித்தனியே படமெடுத்து அனுப்புவேன். "கலியாணப் படத்துக்குக்கூட நீர் இவ்வளவு குனியேல்லை" என்று அவர் பகிடி விடுவார். இரண்டு ஞாயிறுகள் உண்மையான படங்கள் போயின. அந்த இரண்டும் இன்னும் போனில் இருக்கின்றன.

மூன்றாவது ஞாயிறுக்கு முன்பு கோயில் தேர் வந்தது. நல்ல வெயில். தேரடிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மோர் வார்க்க நின்றார், நான் கோப்பை கழுவிக் கொடுத்தேன். மேல்சட்டை இல்லாமல், வெறுங்காலோடு, மோர்க்கிடாரத்துக்கு அருகில் பந்தலின் நிழல் விழாத ஓரத்தில் கிடந்த ஒரு பழைய தகரத்தில் இடதுகாலை ஊன்றிக்கொண்டு அரைமணித்தியாலத்துக்கு மேலாக வார்த்தார். சனங்கள் மணலில் கால் வைக்க ஏலாமல் துள்ளித் துள்ளிப் பந்தலுக்குள் ஓடிவந்தார்கள். கோப்பை எடுக்கப் போன நான் தெரியாமல் அந்தத் தகரத்தில் கால் வைத்து "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

"உங்களுக்குச் சுடேல்லையோ?"

"சுடேல்லையே" என்று சிரித்தார்.

மோருக்கு நின்ற ஒரு அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். "அம்பாளின்ர தொண்டு செய்யிற காலுக்கு என்னெண்டு சுடும்?" என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். என்னவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடையை விட்டு வந்த பிறகு அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. எதையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்றால் அதை எழுதத்தான் வேண்டும். கரும்பலகையில் 'கைகால் விறைப்பு' என்று இருபத்தெட்டு வருடம் எழுதிய நான், ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அம்பாளை நோக்கிக் கும்பிட்டேன்.

அடுத்தநாள் இடது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். மூன்றாம் நாள் அது உடைந்து தோல் உரிந்து வந்தது. நோகவில்லை என்றார். நோகாத காயம் சின்னக் காயம்தானே என்று நான் மஞ்சள் போட்டுக் கட்டினேன்.

ஞாயிறு வந்தது. மகளுக்கு அப்போது ஐந்தரை மாதம். அதற்கு முன் எந்தத் தரமும் அவள் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

"பிள்ளை கண்டால் பயந்து போவாள்" என்றார் அவர். "இந்த வலக்காலையே ரெண்டு தரம் எடும்."

நான் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் இரண்டு படத்திலும் பெருவிரல் ஒரே பக்கம் இருந்தது. மகள் கெட்டிக்காரி, பிடித்துவிடுவாள். போனில் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப்போடுகிற ஒரு பொத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட விழாப் படங்களுக்காக ஒருகாலத்தில் பழகியது. அதை அழுத்தினேன். வலது இடதாகியது. அனுப்பினேன். 'வடிவா இருக்கு அம்மா, எண்ணெய் பூசிவிடுங்கோ' என்று பதில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம்.

கிளினிக்குப் போவோம் என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். "கிளினிக்கில காலைக் காட்டினால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவினம். அங்க ஆசுப்பத்திரி வாட்டில படுத்தால் ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சால் கனடாவுக்குத் தெரிய எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அது உண்மைதான். எங்கள் ஊரில் பாதி அங்கேதான் இருக்கிறது. இங்கே பூனை குட்டி போட்டால் அங்கே பால் காய்ச்சுவார்கள். அந்த மாதக் கிளினிக்குக்கு அவர் காலுறை போட்டுக்கொண்டு போனார். பிள்ளை பிறக்கட்டும், எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தோம். காயம் எங்களுக்காகக் காத்திருக்கும் என்று எப்படி நம்பினோம் என்று இப்போது யோசித்தால் என்னிலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று ஞாயிறுகள் வலக்கால் இரண்டு கால்களாகக் கனடா போனது.

நாலாவது கிழமை வீட்டுக்குள் ஒரு நாற்றம் தொடங்கியது. எலி ஒன்று அலுமாரிக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறது என்றேன். "ஓம், எனக்கும் மணக்குது" என்றார். காலைச் சாப்பாட்டை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்த சேலைகளை எல்லாம் இறக்கினோம். அவர் ஒருபக்கம் நான் ஒருபக்கமாகப் பிடித்து அலுமாரியை நகர்த்தினோம். அவர் குனிந்து ரோர்ச் அடித்து மூலையெல்லாம் பார்த்தார். எலி இல்லை. குசினிக்குள் தேடினோம். அங்கேயும் இல்லை. ஆனால் நாங்கள் போகிற இடமெல்லாம் நாற்றம் கூடவே வந்தது. நான் திரும்பி அவருடைய காலைப் பார்த்தேன். அவர் அலுமாரிக்குக் கீழே இன்னும் ரோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

கட்டை அவிழ்த்ததைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. கறுப்பு என்று மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு வான் பிடித்துப் போனோம். பாலம் முழுக்க இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. வைத்தியசாலையில் ஒரு சின்ன வயதுப் பெண் டொக்டர். என்னுடைய மாணவிகளின் வயது.

"எத்தினை நாளா அம்மா?"

"ஒரு கிழமை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார். நம்பவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. எழுதிக்கொண்டே, "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ரீச்சர்."

"என்ன பாடம்?"

"கணக்கு" என்றேன்.

என் வாழ்க்கையில் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன். அதைப்போல வெட்கம் கெட்ட பொய் இல்லை.

முதலில் விரல் என்றார்கள். அடுத்தநாள் பாதம் என்றார்கள். அதற்கும் அடுத்தநாள் காய்ச்சல் ஏறி, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார்கள். அவர் கையெழுத்துப் போடும்போது பேனையைப் பிடித்தபடி டொக்டரிடம், "விரலோட நிக்காதோ பிள்ளை?" என்று கேட்டார். கடையில் எத்தனை பேருடன் விலை பேசியவர். அங்கே அவருடைய பேச்சு எடுபடவில்லை. டொக்டர் பேனையைப் பிடித்திருந்த அவருடைய கையைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

அந்தக் கிழமைகளில் மகளுடன் குரலில் மட்டும் கதைத்தோம். போன் கீழே விழுந்து கமரா உடைந்துபோனது என்றேன். வாட்டின் சத்தம் கேட்டு, "எங்கயம்மா நிக்கிறியள்? ஒரே சனமா இருக்கு" என்றாள். சந்தையில் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலா என்று அவள் கேட்கவில்லை. அவர் கட்டிலில் கிடந்தபடியே குரலைத் தெளிவாக்கிக்கொண்டு, "ஓம் குஞ்சு, கத்தரிக்காய் பாக்கிறம்" என்பார். பக்கத்துக் கட்டில் மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாதி என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னா. "அம்மா, அடுத்த காலும் விறைச்சுத்தான் இருக்கு. அவருக்குத் தெரியாது, அதால நீங்கள்தான் பாக்கவேணும். காலமையும் பின்னேரமும் பாருங்கோ. ஒரு சின்ன உரசல் கண்டாலும் அடுத்தநாள் மட்டும் வைச்சிருக்கக் கூடாது. இருக்கிறது இனி உந்தக் கால்தான்."

இருக்கிறது இனி அந்தக் கால்தான். எனக்கு வேறொன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை, அது மட்டும் நின்றது. முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வலது பாதத்துக்குக் கீழே பிடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தேன். விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம். சில நாட்களில் மத்தியானமும் பார்த்தேன். கதிரையின் காலுக்குச் சீலை சுற்றினேன். முற்றத்துக் கல்லெல்லாம் பொறுக்கினேன். அவர் தடி ஊன்றி எழும்பினால் நானும் எழும்பி, அந்தப் பாதம் எங்கே படுகிறது என்று பார்ப்பேன். இல்லாத கால் அவரைப் பாடாய்ப் படுத்தியது. "இடக்கால் பெருவிரல் எரியுது" என்பார். "கொஞ்சம் தண்ணி ஊத்தும்" என்பார். எங்கே ஊற்றுவது? இருந்தபோது தகரத்தில் சுடாத கால், போன பிறகு விடிய விடிய எரிந்தது. 

ஞாயிற்றுப் படங்கள் மட்டும் நிற்கவில்லை. உறவுக்காரர் ஒருவரின் போன் என்று சொல்லி மறுபடியும் தொடங்கினோம். வலது உள்ளங்கால், பிறகு திருப்பிப்போட்ட வலது உள்ளங்கால். இப்போது எங்களுக்கு வேறு கால் இல்லை. 'ரெண்டும் நல்லா இருக்கு' என்று மகள் எழுதுவாள். அவளுக்கு ஏழு மாதம் ஆனது, எட்டு ஆனது. கால் வீங்குகிறது, பிரஷர் கூடிக் குறைகிறது, கவலைப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார் என்றாள். கவலைப்படாமல் எப்படி இருக்கிறது என்று அந்த டொக்டரை ஒருதரம் கேட்டுப் பார்க்க ஆசை.

பிறகுதான் அந்தப் பார்சல் வந்தது. சீனி வருத்தக்காரருக்கென்று செய்த சப்பாத்து, ஒரு சோடி. கறுப்பு நிறம், முன்பக்கம் அகலம், உள்ளே மெத்தை மாதிரி. கட்டிலில் படுத்துக்கொண்டே அவருடைய காலின் படங்களை ஒரு கடைக்காரனுக்குக் காட்டி, அளவு கேட்டு வாங்கியிருக்கிறாள். எங்களுடைய பொய்ப்படங்கள் நல்ல அளவாகத்தான் இருந்திருக்கவேண்டும். வலதுகாலுக்குப் பிசகாமல் வந்தது. இடதை அவர் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

ஞாயிறு காலை மகள் கூப்பிட்டாள். "இண்டைக்குப் படம் வேண்டாம். வீடியோவில வாங்கோ. அப்பா சப்பாத்துப் போட்டதை நான் பாக்கவேணும்."

சிக்னல் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "விடும், நான் சமாளிப்பன்" என்று மெல்லச் சொன்னார். சாரத்தை இழுத்து இடப்பக்கத்தை மூடினார். பெட்டியைக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, திரை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரிப் போனை நீட்டிப் பிடித்தேன். திரையில் மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்திருந்தாள்.

"அப்பா, எங்க காட்டுங்கோ."

அவர் வலக்காலைத் தூக்கினார். நான் போனைக் கீழே இறக்கிக் காட்டினேன்.

"ஐயோ வடிவு. இறுக்கமா இல்லையே?"

"இல்லைக் குஞ்சு, பூ மாதிரி."

"மற்றக் காலையும் காட்டுங்கோ."

நான் போனை மேலே தூக்கி அவருடைய முகத்தைக் காட்டினேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தபடி, கீழே கையால் வலக்காலின் சப்பாத்தைக் கழற்றினார். பெட்டிக்குள் இருந்த இடது சப்பாத்தை எடுத்தார். அதை அதே காலில் மாட்டத் தொடங்கினார். அப்போதுதான் அவர் என்ன நினைத்திருந்தார் என்று எனக்கு விளங்கியது. வெறுங்காலை நான் பொத்தானை அழுத்தித் திருப்பினேன். சப்பாத்தைத் திருப்ப ஒரு பொத்தானும் இல்லை.

"என்னப்பா இவ்வளவு நேரம்? குனிய ஏலாமல் இருக்கோ?"

"வயசு போச்செல்லோ குஞ்சு. பொறு, பொறு."

அவர் அழுத்தினார். வளைவு எதிர்ப்பக்கமாக இருந்த சப்பாத்துக்குள் கால் போகவில்லை. குதிக்காலுக்குப் பின்னால் கைப்பெருவிரலை விட்டு நெம்பினார். சின்னவிரல் உள்ளே மடிந்து கிடந்தது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பின்பக்க விளிம்பு குதிக்காலில் உரசி ஏறியது. அவருடைய முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மண்வெட்டிப் பிடி இறுக்குகிற மாதிரிப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். அந்தச் சிரிப்பை நான் முன்பும் கண்டிருக்கிறேன், மோர்க்கிடாரத்துக்குப் பக்கத்தில்.

மகளின் கை வயிற்றில் இருந்தது. அவருடைய கால் அந்தச் சப்பாத்துக்குள் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும்தான் நான் காக்க முடியும் என்று பட்டது. எது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஒருவரும் இல்லை. போனைப் பிடித்தபடியே காலின் பக்கம் குனிந்தேன். திரையில் அவருடைய முகம் ஆடியது.

"அம்மா, போனை வடிவாப் பிடியுங்கோ."

"விடுங்கோ" என்று நான் கத்தினேன். "காலை விடுங்கோ! உரசுது!"

"இஞ்சரும், பேசாமல் இரும்" என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

நான் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பிள்ளை" என்றேன். "அப்பாவுக்கு ஒரு கால்தான் இருக்கு. மற்றக் காலை எடுத்திட்டினம். ரெண்டு மாசமாகுது. உனக்கு அனுப்பின படமெல்லாம் ஒரு கால்தான். நான்தான் திருப்பித் திருப்பி அனுப்பினனான்."

திரையில் மகள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தாள். அப்படியே இருந்தாள். "பிள்ளை?" என்றேன். அசையவில்லை. எங்கள் தீவில் சிக்னல் இப்படித்தான், திடீரென்று படம் நின்றுவிடும். சிக்னல் நின்றதா, மகள்தான் அப்படி நிற்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "குஞ்சு, என்னம்மா, கதை" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். போனை வாங்கின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு நிலத்தில் முழங்காலில் இருந்தேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். பாதி ஏறியிருந்தது, இழுக்கத்தான் வந்தது. குதிக்காலில் தோல் சுருண்டு, ஒரு பருப்பு அளவுக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகேல்லையே" என்றார்.